எண்ணத் தெரிந்தவர்

கேள்வி: இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போசை ஆகா ஓகோ என்கிறோம். ஆனால் வாழ்நாள் முழுக்க அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை முப்பதுகூடத் தேறாது. இன்றைய அளவுகோலில் அவரைப் பெரிய ஆய்வாளர் என்று சொல்ல முடியுமா? நோபல் கிடைக்காததும் நியாயம்தானே?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: எண்ணிக்கை என்று எழுதிவிட்டீர்கள். போஸ் விஷயத்தில் அந்தச் சொல்லை எடுத்தவரை நான் லேசில் விடமாட்டேன். எப்படி எண்ண வேண்டும் என்று இயற்பியலுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

ஒரு ரூபாய் நாணயம் இரண்டை எடுத்துச் சுண்டிப் பாருங்கள். பூ-பூ, தலை-தலை, பூ-தலை, தலை-பூ என நாலு வழி. இரண்டும் ஒரே மாதிரி விழுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இது வேறு நாணயம், அது வேறு நாணயம் என்பதால்தான் நாலு. ஒன்றில் கீறல் இருக்கும், இன்னொன்றில் மஞ்சள் கறை இருக்கும். ஒளித்துகளுக்குக் கீறலும் கிடையாது, கறையும் கிடையாது. இது எது, அது எது என்று ஆண்டவனே வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படியானால் பூ-தலையும் தலை-பூவும் ஒன்றேதான். வழி மூன்று. ஒரே மாதிரி விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு! சுருக்கிச் சொன்னால் போஸ் செய்தது இவ்வளவுதான். சூடான பொருள் எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி வீசும் என்று ஜெர்மன் இயற்பியலாளர் பிளாங்க் 1900இல் கண்டுபிடித்த கதிர்வீச்சு விதி, பழைய அலைக் கொள்கையிடம் கடன் வாங்காமலே இந்தக் கணக்கிலிருந்து வந்து விழுந்தது.

அப்போது அவர் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடர் என்ற ஆசிரியப் பதவியில் இருந்தார். வயது 30. டாக்டர் பட்டம் கிடையாது. 1924 ஜூன் 4 அன்று, முன்பின் பார்த்திராத ஐன்ஸ்டைனுக்குக் கட்டுரையை அனுப்பி, தேறும் என்று பட்டால் ஜெர்மன் இதழில் வெளிவர ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்டார். ஐன்ஸ்டைன் தானே உட்கார்ந்து ஜெர்மனில் பெயர்த்து, இது முக்கியமான முன்னேற்றம் என்று ஒரு குறிப்பும் எழுதிச் சேர்த்தார். அதோடு நிற்காமல் அதே கணக்கை அணுக்களுக்கும் போட்டுப் பார்த்தார். குளிரக் குளிர அணுக்கள் எல்லாம் ஒரே நிலையில் போய் ஒடுங்கும் என்று வந்தது. அதை ஆய்வகத்தில் கண்ணால் பார்த்தது 1995இல், அமெரிக்காவின் போல்டர் நகரில். 71 வருடம் கழித்து! இதழ்களுக்கு 'தாக்கக் காரணி' என்று மார்க் போடுகிறார்களே, அது வழக்கமாக இரண்டு வருட மேற்கோள் கணக்கு. அந்த முழக்கோலை எடுத்துக்கொண்டா போசை அளக்கக் கிளம்பினீர்கள்?

போன மாதம் ஓர் உதவிப் பேராசிரியர் நம் அலுவலகத்துக்கு வந்தார். மடியில் தடித்த ஃபைல். பிளாஸ்டிக் உறைக்குள் ஒவ்வொன்றாகக் கருத்தரங்கச் சான்றிதழ்கள். "உங்க பத்திரிகைக்கு ஐ.எஸ்.எஸ்.என். நம்பர் இருக்கா சார்? இருந்தா ஒரு கட்டுரை தர்றேன்" என்றார். இதழ்களுக்குத் தரும் அடையாள எண் அது. எதைப் பற்றிக் கட்டுரை என்று கேட்டேன். "நீங்க சொல்றதைப் பற்றி சார். பதவி உயர்வுக்குப் புள்ளி வந்தாப் போதும்." நல்ல மனிதர், கெட்டிக்காரர், பாடம் நடத்துவதில் பெயர் எடுத்தவர். அவரை இப்படிக் கெஞ்ச வைத்திருக்கிறார்களே என்று அன்று முழுக்க எனக்கு ஆறவில்லை. தமிழில் எண்ணுவதற்கும் நினைப்பதற்கும் ஒரே சொல். கல்லூரிகளில் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைத் துரத்திவிட்டோம்.

நோபலுக்கு வருகிறேன். அவர் பெயரைப் பரிந்துரைத்தும் குழு ஏற்கவில்லை. அது அநியாயம், அவ்வளவுதான். 2001இல் அந்த அணுக் குளிர்விப்புக்கு மூவருக்குக் கொடுத்தார்களே! 2012இல் ஹிக்ஸ் போசான் செய்தி வந்தபோது, ஆங்கிலத்தில் போசானின் முதல் எழுத்தைச் சின்னதாக அச்சிட்டுவிட்டார்கள் என்று நம்மவர்கள் பலர் வருந்தினார்கள். எனக்கு வருத்தமே இல்லை. ஒரு மனிதனின் பெயர் பிரபஞ்சத்தின் துகள்களில் ஒரு பெரும் வகைக்கே பொதுப்பெயராகிவிட்டது. அதை வைத்தவர் பிரிட்டன் இயற்பியலாளர் டிராக்.

எனக்கு போஸ் மேல் உள்ள பிரியத்துக்குக் காரணம் வேறு. அறிவியலைத் தாய்மொழியில் சொல்ல வேண்டும் என்று 1948இல் கல்கத்தாவில் வங்காள அறிவியல் கழகத்தைத் தொடங்கி, வங்காளியிலேயே மாத இதழ் நடத்தியவர் அவர். தாகூர் 1937இல் எழுதிய அறிவியல் நூலை இவருக்குத்தான் காணிக்கையாக்கினார். 'தமிழில் இயற்பியல் எழுதினால் யாருக்குப் புரியும்?' என்று எனக்கு மாதம் தவறாமல் கடிதம் போடும் அன்பர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது இரண்டு தடவை படிக்கட்டும்.

அந்த உதவிப் பேராசிரியருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்: இரண்டு நாணயத்தை வைத்து போசின் கணக்கைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்குகிற மாதிரி நாலு பக்கம் எழுதிக்கொடுங்கள். புள்ளி வராது. அட்டையில் உங்கள் பெயர் வரும்.