மல்லிகைக் குச்சி துளிர்த்தும் வேர் விடவில்லை, ஏன்?

கேள்வி: குண்டுமல்லிக் குச்சிகளை, கடையில் வாங்கிய 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஐபிஏ என்ற வேரூக்கி மருந்துக் கரைசலில் ராத்திரி முழுக்க ஊறவைத்து நட்டேன். கொஞ்சம் துளிர்த்தது, அப்புறம் வாடிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் அடி கறுத்திருக்கிறது, வேரே இல்லை. மருந்து போலியா? மிச்சக் குச்சிகளுக்கு அதையே ஊற்றலாமா?

பதில்: வணக்கம் ஐயா. மருந்தைச் சந்தேகப்பட வேண்டாம், ஊறவைத்த நேரம்தான் காரணம். 1000 பிபிஎம் என்பது அடிப்பகுதி இரண்டு செ.மீ. மட்டும் 5 முதல் 10 விநாடி முக்கி எடுப்பதற்கான அளவு. அந்தக் கரைசலில் பெரும்பாலும் ஆல்கஹாலும் இருக்கும், ராத்திரி முழுக்க வைத்தால் திசு வெந்துதான் போகும். ஊறவைப்பதென்றால் 50, 100 பிபிஎம் போதும்.

செடியின் நுனியிலும் இளந்தளிரிலும் ஆக்சின் என்ற ஹார்மோன் உருவாகித் தண்டு வழியாகக் கீழே இறங்கும். குச்சியை வெட்டியதும் அது போக வழியில்லாமல் வெட்டுவாயில் தேங்கும், அங்குள்ள செல்கள் அதனால்தான் வேராக மாறத் தொடங்குகின்றன. நாம் குச்சியில் தோய்க்கும் ஐபிஏ செல்லுக்குள் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஆக்சினாகவே மாறி இந்த வேலைக்குத் துணை நிற்கும். அளவு மீறினால் எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் செடிக்குள் கூடி எல்லாம் தலைகீழாகும், களைக்கு அடிக்கிற 2,4-டி-யும் ஆக்சின் வகைதானே!

துளிரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். குச்சியில் சேர்த்து வைத்த மாவுச்சத்தை வைத்தே மொட்டு விரிந்துவிடும், அது தீர்ந்ததும் தண்ணீர் இழுக்க வேர் இல்லாததால் வாடும்.

இப்போது ஊற்றவே ஊற்றாதீர்கள், ஏனென்றால் வேர் புறப்படுவதற்குத்தான் ஆக்சின் கூடுதலாக வேண்டும், புறப்பட்ட வேர் நீள்வதை அதே ஆக்சின் நிறுத்திவிடும். தண்டை நீளவைக்கும் ஹார்மோனான ஜிப்ராலிக் அமிலமும் வேண்டாம், அது வேர் பிடிப்பதையே தடுக்கும். பச்சையாக இருக்கும் குச்சிகளில் கறுத்த பகுதிக்கு மேலே, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழாக வெட்டி, மருந்தே இல்லாமல் ஈர மணலில் நிழலில் நடுங்கள். பூமொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள், நுனியில் இரண்டு இலை மட்டும் இருக்கட்டும். நடும்போது குச்சி தலைகீழாகிவிடாமல் பாருங்கள். மீதமுள்ள மருந்தை வெயில் படாமல் குளிர்ந்த இடத்தில் வையுங்கள், குச்சியை முக்கி எடுத்த கரைசலைத் திரும்பப் புட்டியில் ஊற்றாதீர்கள்.