கோலாலம்பூர் மழையில் நனையும் சைக்கிள் செயின் துருப்பிடிக்காமல் இருக்க என்ன செய்வது?
பிரிக்பீல்ட்ஸிலிருந்து வேலைக்குப் போய் வரும் சைக்கிளில் செயின் சீக்கிரமே சிவந்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மழையைவிட, ஈரத்தோடு இரவு முழுக்க நிறுத்தி வைப்பதுதான் பெரிய காரணம்.

வீடு சேர்ந்ததும் பழைய துணியால் செயினை இறுகப் பிடித்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றித் துடையுங்கள். காய்ந்தபின் ஒவ்வொரு ரோலருக்கும் (கண்ணியில் உள்ள சிறு உருளை) ஒரு சொட்டு, ஈர வானிலைக்கான செயின் எண்ணெய். பத்து நிமிடம் ஊறியதும் வெளியில் உள்ளதை முழுதும் துடைத்துவிட வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். மிச்ச எண்ணெயில் மணல் ஒட்டி, செயினையும் பல்சக்கரத்தையும் அரைத்துவிடும். சாதாரண டபிள்யூடி-40 தெளிப்பான் தண்ணீரை விரட்டும், மசகாக நிலைக்காது.

செயின் தேயத் தேய நீளும். 24 கண்ணிகளின் நீளம் புதிதில் 304.8 மி.மீ. அது 306.5-ஐத் தாண்டினால் செயினை மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் பின்பக்கப் பல்சக்கரமும் சேர்ந்து தேயும், செலவு கூடும்.