வாசகர் கேள்வி–பதில்: நீதவானும் குடை பிடித்த திருடர்களும்

தலவாக்கலை வாசகர்: 1958இல் வந்த ‘பென்டென் கொஸோ’ ஜப்பானியப் படம் பார்த்தோம். திருடனைத் தேடும் தோயாமா பொலிஸ்காரரா, நீதவானா?

இரண்டும்தான். கதை நடக்கும் எடோ நகரம் இன்றைய டோக்கியோ. அந்தக் காலத்தில் அங்கே ‘மச்சி புகியோ’ பதவியில் இருப்பவரே திருடனைப் பிடிக்க ஆள் அனுப்புவார், வழக்கையும் விசாரிப்பார். நகர நிர்வாகமும் அவர் பொறுப்பு. வடக்கு, தெற்கு என்று இரண்டு அலுவலகங்கள். பெயரை வைத்து, நகரத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். மாதத்துக்கு ஒரு அலுவலகம் முறை வைத்து முழு நகரத்தையும் பார்த்தது. முறை இல்லாத மாதம் பெரிய கதவு சாத்தியிருக்கும். உள்ளே பழைய வழக்குகள் ஓடும்.

ஒவ்வொரு அலுவலகத்திலும் 25 ‘யொரிகி’ அதிகாரிகள், அவர்களுக்குக் கீழே நூறு சொச்சம் ‘தோஷின்’ காவலர்கள். அவ்வளவு பெரிய நகரத்துக்கு இது எந்த மூலைக்கு? அதனால் தோஷின்கள் சொந்தக் காசு கொடுத்து உளவாளிகளை வைத்துக்கொண்டார்கள். காவலர் கையிலுள்ள இரும்புத் தடியை அடுத்த முறை கவனியுங்கள்: கைப்பிடிக்குச் சற்று மேலே ஒரு கொக்கி இருக்கும். எதிராளியின் வாளை அதில் மாட்டி மடக்குவார்கள். ஆளை உயிரோடு பிடிக்கத்தான் அந்தத் தடி, ஏனென்றால் வழக்கு நிற்பதே குற்றவாளியின் வாக்குமூலத்தில். பத்து ‘ரியோ’வும் (அக்காலப் பொற்காசு) அதற்கு மேலும் திருடினால் மரண தண்டனை, ஆனால் அதை நீதவான் தனியே விதிக்க முடியாது, மேலிடத்து ஒப்புதல் வேண்டும்.

தோயாமா நிஜமாகவே வாழ்ந்த மனிதர். 1840 முதல் 1843 வரை வடக்கிலும், 1845 முதல் 1852 வரை தெற்கிலும் பதவி வகித்தார். அவர் உடம்பில் செர்ரிப் பூ பச்சை குத்தியிருந்தார் என்று கதைகள் சொல்வதற்கு உறுதியான சான்று இல்லை.

பண்டாரவளை வாசகி: இந்தப் படத்துக்கு மூலமான கபுகி (ஜப்பானிய மரபு மேடை) நாடகத்தில் ஐந்து திருடர்கள், காவலர் சுற்றி வளைக்கும் நேரத்தில் ஓடாமல் குடையோடு வரிசையாக நின்று பேசுகிறார்களே, ஏன்?

நம் தோட்டங்களில் காமன் கூத்து பார்த்தவருக்கு இது புதிதல்ல. வேஷம் களத்துக்கு வந்ததும் தான் யார் என்று பாடித்தான் கதைக்குள் போகும். இங்கேயும் ஒவ்வொருவனும் தன் பெயர், பிறந்த இடம், கெட்டுப்போன விதம் எல்லாவற்றையும் ஏழு அசை, ஐந்து அசை என்ற தாளத்தில் சொல்கிறான். குடையில் எழுதியிருப்பது ‘ஷிரனாமி’: வெள்ளலை என்று பொருள், திருடனுக்கு வழங்கும் பெயர்.

மொகுவாமி எழுதிய இந்த நாடகம் 1862இல் மேடையேறியது. நடப்புக் காலத்தைப் பெயர் சொல்லி மேடையில் காட்ட அரசு விடாது. அதனால் கதை பல நூறு ஆண்டு பின்னே, காமகுரா நகருக்குப் போயிற்று; அதில் நீதி வழங்குபவர் அவோதோ ஃபுஜித்சுனா. ஆற்றில் விழுந்த 10 காசைத் தேட 50 காசுக்குப் பந்தம் வாங்கியவர் என்று பழங்கதை பேசும் அதே மனிதர். படம் எடுத்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை, தோயாமாவையே கொண்டுவந்துவிட்டார்கள்.

துணிக்கடை மோசடியையும் ஊன்றிப் பாருங்கள். பெண் வேடத்தில் வந்தவன் துணியை ஒளிப்பதுபோல் காட்டி அடி வாங்குகிறான். அது வேறு கடையில் வாங்கிய துணி! பிறகு நெற்றிக் காயத்தைக் காட்டி அவனும் கூட்டாளியும் 100 ரியோ கேட்கிறார்கள்.

நுவரெலியா வாசகர்: எங்கள் வாசிகசாலையில் இந்தப் படத்தைப் போட்டபோது காட்சியின் ஓரத்தில் நின்ற பாத்திரங்கள் பாதிதான் தெரிந்தார்கள். படமும் மங்கல்.

இது அகலத்திரைப் படம். அகலம் உயரத்தைப்போல் 2.35 மடங்கு. 8 அடி அகலமும் நாலரை அடி உயரமும் உள்ள திரையில் படத்தின் உயரம் 3 அடி 5 அங்குலம்தான் வரும். மேலும் கீழும் ஆறரை அங்குலக் கறுப்புப் பட்டை விழும், விழட்டும். அதை மறைக்க ‘ஸூம்’ செய்தால் படத்தில் கால்வாசி வெளியே போய்விடும். காவலன் ஒரு கோடி, திருடன் மறு கோடி என்று நிற்கும் காட்சி செத்துப்போகும்.

மங்கலுக்குக் காரணம் பனி. குளிரில் கிடந்த புரொஜெக்டரை ஆள் நிறைந்த அறைக்குள் கொண்டுவந்து உடனே திறந்தால், மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படியும். ஒரு மணித்தியாலம் முன்பே கொண்டுவந்து, பையை மூடியபடியே வையுங்கள். ஈரம் பையின் மேல் படியட்டும். லென்ஸைச் சட்டைத் துணியால் துடைக்க வேண்டாம், கீறல் விழும்.