அரிசோனாவில் வாங்கும் புது வண்டியைக் கலிபோர்னியாவில் பதிய முடியுமா?

சான் ஹோசேயில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கலிபோர்னியாவின் வாகனப் புகை விதிகளை 2025 ஜூனில் வாஷிங்டன் ரத்து செய்துவிட்டதாகப் படித்தேன். அப்படியானால், ஃபீனிக்ஸில் உள்ள என் மைத்துனர் மூலம் அங்கே ஒரு புதிய பெட்ரோல் எஸ்யூவியை வாங்கி இங்கே பதிவு செய்யலாமா?"

கலிபோர்னியாவின் புகை விதிகளுக்கு உட்பட்டது என்று அம்மாநிலத்தின் சான்று பெற்ற வண்டியாக இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் இன்றும் முடியாது. ரத்தானது எது, ரத்தாகாதது எது என்பதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பலரும் இதில் தடுமாறுகிறார்கள்.

புதிய வாகனங்களின் புகை அளவை மாநிலங்கள் தாமாக நிர்ணயிக்கக் கூடாது என்று மத்திய அரசின் தூய காற்றுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் லாஸ் ஏஞ்சலஸின் புகைமூட்டத்தால் முன்பே சொந்த விதிகளை இயற்றியிருந்த கலிபோர்னியாவுக்கு மட்டும், மத்திய அரசிடம் (இப்போது மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம்) அத்தடையிலிருந்து விலக்குப் பெறும் உரிமை 1967 முதல் உண்டு. பிற மாநிலங்கள் கலிபோர்னியாவின் விதியை அப்படியே பின்பற்றலாம் என்பது 1977இல் சேர்ந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, விலக்கு என்பது ஒரே உத்தரவு அன்று. விதித்தொகுப்புகளுக்குத் தனித்தனியாக விண்ணப்பித்துப் பெற்றவை பல உள்ளன.

2025 ஜூன் 12 அன்று அதிபர் கையெழுத்திட்ட காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தீர்மானங்கள் அவற்றுள் மூன்றைத்தான் நீக்கின. 2035க்குள் புதிய கார் விற்பனை முழுவதையும் மின்சார வகைகளுக்கு மாற்றும் விதிக்கு 2024 டிசம்பரில் கிடைத்த விலக்கு ஒன்று. மற்ற இரண்டும் கனரக வாகனங்களைச் சார்ந்தவை. விலக்கு என்பது காங்கிரஸ் இப்படித் தீர்மானத்தால் மறுஆய்வு செய்து நீக்கத்தக்க 'விதி' அன்று என்று காங்கிரஸின் சொந்தத் தணிக்கை அலுவலகமே கருத்துத் தெரிவித்திருந்ததால், கலிபோர்னியாவும் வேறு பத்து மாநிலங்களும் அன்றே வழக்குத் தொடுத்தன. அந்த வாதம் வலுவானது என்பதே என் கருத்து. எட்டு நாள் கழித்து உச்ச நீதிமன்றம் 7–2 என்று அளித்த தீர்ப்பை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்: கலிபோர்னியாவின் வேறொரு விலக்கை எதிர்த்து வழக்கிட எரிபொருள் நிறுவனங்களுக்குத் தகுதி உண்டு என்று மட்டுமே அது சொன்னது.

உங்களைக் கட்டுப்படுத்துவது இந்த மூன்றில் எதுவும் இல்லை. ஓடோமீட்டரில் 7,500 மைலுக்குக் குறைவாக ஓடிய வண்டியைக் கலிபோர்னியாவாசி ஒருவர் வாங்கினால் அது புது வண்டியாகவே கருதப்படும், மாநிலச் சான்று இல்லாமல் பதிவாகாது என்பது மாநிலத்தின் பழைய சட்டம். வாங்கும் நாளில் உள்ள மைல்தான் கணக்கு. பின்னர் ஓட்டிக் கூட்டுவதால் பயனில்லை.

எனவே முன்பணம் கட்டும் முன், மைத்துனரிடம் பானட்டைத் திறந்து புகைக் கட்டுப்பாட்டு லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் மத்திய முகமையின் பெயருடன் கலிபோர்னியாவின் பெயரும் இருந்தால் பதிவுக்குத் தடையில்லை. இன்று விற்பனையாகும் பெரும்பாலான கார்கள் அப்படித்தான் வருகின்றன. மத்திய முகமை மட்டும் இருந்தால், விற்பனையாளர் என்ன உறுதி சொன்னாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

மைத்துனர் அரிசோனாவில் தம் பெயரில் பதிந்த வண்டியோடு இங்கே குடிபெயர்ந்தால் அவருக்கு விதிவிலக்கு உண்டு. அவர் பெயரில் வாங்கி உடனே உங்கள் பெயருக்கு மாற்றினால் அந்த விதிவிலக்கு உங்களுக்குக் கிடைக்காது.