சுரங்கத்துக்குப் பக்கத்தில் வீடு பார்க்கும் முன்

தம்பி, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் லோகன் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, நிலக்கரிச் சுரங்கங்களை ஒட்டிய ஊர்களில் சாவு அதிகமாமே, குழந்தைகளோடு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். ஆனால் பயம் வெறும் பேச்சல்ல. ஹெண்ட்ரிக்ஸ், அஹெர்ன் என்ற ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வு, 1979 முதல் 2005 வரையான இறப்புகளை எடுத்துக்கொண்டது. மேற்கு வர்ஜீனியாவும் அடங்கிய அப்பலாச்சியா மலைப்பகுதியின் சுரங்க வட்டாரங்களில், மற்ற இடங்களோடு ஒப்பிட்டால், ஆண்டுக்கு 3,975 முதல் 10,923 வரை கூடுதல் இறப்புகள். புகைப்பழக்கமும் வறுமையும்தான் காரணம் என்பார்கள். அதில் பாதி நியாயம் உண்டு: அவற்றையும் படிப்பு, மருத்துவர் எண்ணிக்கை போன்றவற்றையும் கழித்த பிறகு 1,736 முதல் 2,889 வரை ஆனது. குறைந்ததே தவிர, மறையவில்லை. கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அளவிலான கணக்கு என்பதால், தனி ஒருவர் எதனால் இறந்தார் என்று இது சொல்லாது.

உங்கள் கையில் இருப்பது வீடும் தண்ணீரும். ஊர்க்குழாயா, சொந்தக் கிணறா என்று முதலில் கேளுங்கள். சொந்தக் கிணற்றுக்கு மத்திய அரசின் குடிநீர் விதிகள் பொருந்தாது. சோதிப்பது கிணற்றின் சொந்தக்காரர் பொறுப்பு. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், சான்று பெற்ற ஆய்வகத்தில் ஆர்சனிக், ஈயம், மாங்கனீஸ், செலினியம், இரும்பு, சல்பேட், பி.எச். (அமிலத்தன்மை அளவு) எல்லாம் பாருங்கள். ஃபில்டருக்கு முந்தைய குழாயில் மாதிரி பிடிக்க வேண்டும். பிந்தையதில் பிடித்தால் கிணற்றின் நிலை தெரியாது. ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. நம் வீடுகளில் செய்வதுபோல் கொதிக்க வைத்துக் குடிப்பது இதற்கு உதவாது. கிருமி சாகும், உலோகம் அப்படியே நிற்கும். நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும்.

ஊர்க்குழாய் என்றாலும் சில நாளுக்கான குடிநீர் கையிருப்பு வேண்டும். 2014 ஜனவரியில் நிலக்கரி கழுவும் ரசாயனம் எல்க் ஆற்றில் கலந்து, மாநிலத் தலைநகர் சார்ல்ஸ்டன் வட்டாரத்தில் சுமார் 3 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைத் தொட முடியாமல் போனது.

திறந்தவெளிச் சுரங்கத்திலிருந்து அரை மைலுக்குள் வீடு என்றால், வெடி வைக்கத் தொடங்க 30 நாள் முன்பே நிறுவனம் உங்களுக்குத் தகவல் தர வேண்டும். எழுத்தில் கேட்டால் வீட்டை ஆய்வு செய்து அறிக்கையும் தர வேண்டும். கட்டாயம் கேளுங்கள். அந்த அறிக்கை இல்லாவிட்டால், பிறகு சுவரில் விரிசல் விழுந்தாலும் பழைய விரிசல் என்று தட்டிக்கழிப்பது எளிது. கிணற்றை மேலோட்டமாக மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம்; அதனால் உங்கள் நீர்ச்சோதனைத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நிலக்கரி லாரி ஓடும் சாலையோர வீடு வேண்டாம், தூசி உள்ளே வந்துகொண்டே இருக்கும். கழிவுச் சேறு தேக்கிய அணைக்குக் கீழே உள்ள பள்ளத்தாக்கு, வாடகை எவ்வளவு குறைவானாலும் வேண்டவே வேண்டாம். 1972 பிப்ரவரி 26-ல் அப்படி ஒரு அணை உடைந்து 125 பேர் இறந்த பஃபலோ க்ரீக் இருப்பது இதே லோகன் கவுண்டியில்தான்.