கைபேசிக்கும் இரண்டு கணினிகளுக்கும் இடையே கோப்புகளை ஒத்திசைக்க எந்தத் திறந்தமூலக் கருவியைப் பயன்படுத்துகிறீர்கள்?

கேள்வி கேட்டவர், தம்மிடம் அலுவலகக் கணினி ஒன்றும் வீட்டு மடிக்கணினி ஒன்றும் ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றும் இருப்பதாகவும், மாதச் சந்தா கட்டிப் பிறருடைய சேவையகத்தில் கோப்புகளை வைக்க விருப்பமில்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறார். என் நிலையும் ஏறக்குறைய அதுவே. தொடர்ந்து ஒத்திசைய வேண்டிய கோப்புகளுக்குச் சிங்க்திங்கையும், அவ்வப்போது ஒரு கோப்பைக் கொடுத்து வாங்க லோக்கல்சென்டையும் வைத்திருக்கிறேன். ஆனால் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: உங்கள் இரண்டு கணினிகளும் ஒரே நேரத்தில் இயங்கும் வேளை என்று நாளில் ஏதேனும் இருக்கிறதா?

எனக்கு அப்படி ஒரு வேளை இல்லை. திருநெல்வேலிச் சந்திப்பில் திருமண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், விழா மலர் போன்றவற்றை வடிவமைத்துக் கொடுக்கும் சிறிய டிடிபி கடை வைத்திருக்கிறேன். வீடு சேரன்மகாதேவியில் இருக்கிறது. கடைக் கணினியை அணைத்துவிட்டுச் செங்கோட்டை வண்டியைப் பிடித்து வீடு சேர்ந்து, சாப்பிட்ட பிறகுதான் மடிக்கணினியைத் திறப்பேன். சிங்க்திங்குக்கு நடுவில் கோப்புகளை வாங்கி வைத்துக்கொள்ளும் சேவையகம் எதுவும் கிடையாது; இரு சாதனங்களும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள வேண்டும். ஆகவே ஒன்று உறங்கிய பிறகு மற்றொன்று விழித்தால், இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. தொடக்கத்தில் இதற்காகக் கடைக் கணினியை இரவெல்லாம் ஓடவிட்டேன். அப்போது வீட்டில் கைபேசித் தரவைத்தான் நம்பியிருந்தேன். நேர் இணைப்பு அமையாமல், தன்னார்வலர்கள் நடத்தும் ரிலே சேவையகங்களை (கோப்பை வைத்துக்கொள்ளாமல் கடத்திவிட மட்டும் செய்பவை) சுற்றிக்கொண்டு கோப்புகள் ஊர்ந்து வந்தன. (ரிலே வழியாகச் சென்றாலும் கோப்பு மறையாக்கப்பட்டே செல்வதால் இடையில் இருப்பவர் படிக்க இயலாது; குறை வேகத்தில்தான்.)

பிறகுதான், கடையிலும் வீட்டிலும் என்னோடு இருப்பது சட்டைப்பையில் உள்ள கைபேசி ஒன்றே என்பது உறைத்தது. அதையும் மூன்றாவது சாதனமாகச் சேர்த்து, 'நடப்பு வேலை' என்ற ஒரே கோப்புறையை மூன்றிலும் பகிர்ந்தேன். பகலில் கடையின் வைஃபையில் கைபேசி புதிய மாற்றங்களை வாங்கிக்கொள்கிறது; இரவில் வீட்டின் வைஃபையில் மடிக்கணினியிடம் ஒப்படைக்கிறது; காலையில் திரும்பும்போது இரவு வேலையைச் சுமந்து வருகிறது. இந்தப் போக்குவரத்துக்கு இணையம் ஒரு பைட்டுகூடத் தேவையில்லை. ஒரே வைஃபையில் இருக்கும் சாதனங்கள் ஒன்றையொன்று தாமே கண்டுகொள்கின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி வெள்ளம் சந்திப்புப் பகுதிக்குள் புகுந்து என் கடைக் கணினி மூழ்கியபோது, சனிக்கிழமை இரவு வரை செய்த வேலை முழுவதும் சேரன்மகாதேவியில் பத்திரமாக இருந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம்.

அமைப்பது கடினமன்று. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஏழேழு எழுத்துகளாக எட்டுத் தொகுதிகள் கொண்ட ஓர் அடையாளம் உண்டு; அதைக் க்யூஆர் குறியாகக் காட்டிக் கைபேசியால் படித்துவிடலாம். இரு பக்கமும் ஒப்புக்கொண்டால்தான் இணைப்பு ஏற்படும். கோப்புகளைத் துண்டுகளாகப் பிரித்து, மாறிய துண்டுகளை மட்டுமே அனுப்பும் என்பது உண்மையே. ஆயினும் உள்ளுக்குள் சுருக்கிச் சேமிக்கப்படும் வகைக் கோப்பில் ஒரு சொல்லைத் திருத்தினாலும் பெரும்பகுதி மாறிவிடுவதால், அங்கே பெரிய மிச்சத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

கைபேசிச் செயலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிங்க்திங்கின் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது பயன்படுத்த வேண்டியது சிங்க்திங்-ஃபோர்க் என்னும் கிளைச் செயலி (அதே நிரலிலிருந்து பிரித்து வேறு சிலர் தொடர்ந்து நடத்துவது). பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு நின்றுபோன செயலியை நிறுவிவிடாதீர்கள். நிறுவியபின், பேட்டரிச் சிக்கனப் பட்டியலிலிருந்து அதற்கு விலக்கு அளியுங்கள். இல்லாவிடில் திரை அணைந்ததும் கைபேசி அதனை உறங்கவைத்துவிடும், நீங்கள் வெறுங்கையோடு வீடு போய்ச் சேர்வீர்கள்.

நான் பட்ட அடி வேறு இடத்தில். ஒரு வைகாசி முகூர்த்தக் காலத்தில் கைபேசியில் இடம் நிரம்பிவிட்டதென்று, 'இவைதாம் கணினியில் இருக்கின்றனவே' என்ற எண்ணத்தில் நான்கைந்து கோப்புறைகளை அழித்தேன். ஒத்திசைவு என்பது அழிப்பையும் அப்படியே ஒத்திசைக்கும். சற்று நேரத்தில் கடைக் கணினியிலும், இரவில் மடிக்கணினியிலும் அவை மறைந்தன. மூன்று அழைப்பிதழ்களை, வாடிக்கையாளரிடம் கொடுத்திருந்த மெய்ப்புத் தாளைத் திரும்ப வாங்கி, முதலிலிருந்து தட்டச்சு செய்தேன். கோப்புறை அமைப்பில் பதிப்புக் காப்பு என்று ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கியிருந்தால், வேறு சாதனத்திலிருந்து வரும் அழிப்போ மாற்றமோ பழைய கோப்பை ஒரு மறைவான கோப்புறைக்குள் நகர்த்தியிருக்கும். அதை நான் இயக்கியிருக்கவில்லை. இப்போது இரு கணினிகளிலும் முப்பது நாள் காப்பு வைத்திருக்கிறேன். ஆனால் அதே கணினியில் நீங்களே அழிப்பதை இந்த வசதி காப்பதில்லை. அதற்காக ஞாயிறுதோறும் ஆர்சிங்க் என்னும் நகலெடுப்புக் கருவி கொண்டு வெளி ஹார்டுடிஸ்க்கில் தனிப்படி எடுக்கிறேன். 1996இல் வெளிவந்த கருவியானாலும், மாறியவற்றை மட்டும் நகலெடுப்பதில் இன்றும் அதற்குக் குறைவில்லை.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டுமே நேரும் தொல்லை ஒன்று உண்டு. கோப்புப் பெயரின் உச்ச நீளத்தை விண்டோஸ் 255 குறியீடுகளாகக் கணக்கிடுகிறது. ஆண்ட்ராய்டும் லினக்ஸும் 255 பைட்டுகளாகக் கணக்கிடுகின்றன. யூடிஎஃப்-8 என்னும் எழுத்துச் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். அகரம் ஏறியவை நீங்கலான உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று என இரண்டு குறியீடுகள்; புள்ளி வைத்த மெய்க்கும் இரண்டு. 'திருநெல்வேலி' என்ற ஆறெழுத்துப் பெயரே 36 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. மணமக்கள் பெயரையும் ஊரையும் மண்டபத்தையும் தேதியையும் சேர்த்து நான் வைத்த நீளமான பெயர்களைக் கடைக் கணினி ஏற்றுக்கொண்டது, கைபேசியோ மறுத்துவிட்டது. கோப்பு பழுதென்று எண்ணி இரண்டு நாள் தேடினேன். எதிர்த்திசையிலும் இதுபோன்ற ஒன்று நிகழும்: முக்காற்புள்ளியோ கேள்விக்குறியோ உள்ள பெயரை லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. இப்போது ரசீது எண்ணும் ஒரே ஒரு பெயருமாக வைத்துக்கொள்கிறேன்.

ஒரே கோப்பை இரு இடத்தில் திருத்திவிட்டால் சிங்க்திங் எதையும் அழிக்காது. பழைய மாற்ற நேரமுடைய கோப்பை, முரண்பாட்டுக் குறிப்போடும் தேதியோடும் தனிப்பெயரில் வைத்துவிடும். எது சரியென்று பார்த்துத் தீர்ப்பது நம் பொறுப்பு.

லோக்கல்சென்ட் வேறு வகை. அது ஒத்திசைக்காது, கையளிக்கும். மணமகனின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கி வருகிறது. லோக்கல்சென்டில் எடுத்தபடியே வந்து சேர்கிறது. இரு சாதனமும் ஒரே வைஃபையிலோ ஹாட்ஸ்பாட்டிலோ இருந்தால் போதும், கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. பெயர் திரையில் தோன்றாவிட்டால், பெரும்பாலும் ரூட்டரில் விருந்தினர் வைஃபை சாதனங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கும், அல்லது விண்டோஸின் ஃபயர்வால், லோக்கல்சென்ட் பயன்படுத்தும் 53317ஆம் போர்ட்டை (இணைப்பு வாயிலை) மறித்திருக்கும். செயலி நிறுவ விரும்பாத வாடிக்கையாளருக்கு, உலாவியிலேயே இயங்கும் பேர்டிராப் உதவும்.

சொந்தச் சேவையகத்தில் கோப்புகளை வைத்துப் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுடைப் பலர் பரிந்துரைப்பார்கள். 2016இல் ஓன்கிளவுட் என்ற அதே வகை மென்பொருளிலிருந்து பிரிந்த அது, ஐந்தாறு பேர் பணிபுரியும் அலுவலகத்துக்கு ஏற்றது. நாட்காட்டி, தொடர்புகள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் எப்போதும் இயங்கும் ஒரு சேவையகத்தையும், அதற்குப் புதுப்பிப்புகளைத் தவறாமல் இடும் ஒருவரையும் அது கேட்கிறது. தனி ஆளுக்கு அது சுமை.

உங்கள் கைபேசி ஆண்ட்ராய்டு என்பதால் இவ்வளவும் பொருந்துகிறது. வீட்டில் ஐபோன் வைத்திருப்பவர் இருந்தால் இந்தத் தூது வேலையை அதனிடம் ஒப்படைக்க வேண்டாம். செயலிகள் பின்னணியில் நெடுநேரம் இயங்க அது அனுமதிப்பதில்லை, ஐபோனில் சிங்க்திங்கை இயக்கும் மோபியஸ் சிங்க் செயலியும் திறந்தமூலம் அன்று.