போர்க்காலத்துல அமெரிக்காவ நடத்துன ஜனாதிபதிகள்ல உங்களுக்கு ரொம்ப பிடிச்சவர் யாரு, ஏன்?

ஆபிரகாம் லிங்கன் தான். கெட்டிஸ்பர்க் பேச்சு, அடிமை ஒழிப்புனு எல்லாரும் சொல்லுவாங்க, எனக்கு அவர் மேல மரியாதை கூடினது 1864 ஆகஸ்ட்ல அவர் நடந்துகிட்ட விதத்தப் படிச்சப்புறம்தான்.

அடிமை முறைக்காகப் பிரிஞ்சு போன தெற்கு மாநிலங்களோட லிங்கனோட வடக்கு உள்நாட்டுப் போர் நடத்திட்டிருந்த சமயம் அது. அந்த மாசம், வரப் போற தேர்தல்ல அவர் தோத்துடுவார்னு அவரோட கட்சிக்காரங்களே முடிவு கட்டிட்டாங்க. மே, ஜூன்ல ஜெனரல் கிராண்ட் வர்ஜீனியால நடத்துன சண்டைகள்ல மட்டும் செத்தவங்க, காயம்பட்டவங்க, காணாமப் போனவங்கனு வடக்குப் படைக்கு சுமார் 55 ஆயிரம் பேர் இழப்பு, அப்பவும் தெற்கோட தலைநகர் ரிச்மண்ட் விழல, அங்க இன்னொரு முக்கிய நகரமான அட்லாண்டாவும் விழல, இதுல ஜூலைல இன்னும் 5 லட்சம் பேர் வேணும்னு உத்தரவு வேற போட்டார். நவம்பர்ல எலெக்‌ஷன வச்சுகிட்டு யாரு இப்படி செய்வா! உள்நாட்டுப் போரே நடக்குது, தேர்தல தள்ளி வைக்க அத விடப் பெரிய காரணம் வேணுமா, ஆனா அவர் தள்ளி வைக்கல.

அடிமை விடுதலைங்கற நிபந்தனைய விட்டுட்டு தெற்கோட சமாதானம் பேசிப் பாருங்கனு கட்சிக்குள்ளயே நெருக்கினாங்க. கொஞ்சம் தடுமாறினார்ங்கறதும் உண்மை, அதுக்கு ஒரு கடிதம் கூட எழுதி வச்சார், ஆனா அனுப்பல. அதே வாரங்கள்லதான் அடிமையா பொறந்து தப்பிச்சு வந்து பெரிய தலைவரான பிரெடரிக் டக்ளஸ வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு, தெற்குல சிக்கியிருக்கற அடிமைகள்ல முடிஞ்ச வரைக்கும் எல்லாரையும் நம்ம படை இருக்கற பக்கம் கூட்டிட்டு வர ஒரு திட்டம் போடுங்கனு கேட்டார். தான் பதவில இல்லாமப் போனா அவங்க கதி என்னாகும்ங்கற கவலை.

ஆகஸ்ட் 23 அன்னிக்கு ஒரு தாள் எடுத்து, இந்த அரசு திரும்ப ஜெயிக்கும்னு தோணல, அப்படி ஆச்சுன்னா புதுசா ஜெயிச்சவர் பதவியேற்கறதுக்குள்ள அவரோட சேர்ந்து நாட்டக் காப்பாத்தறது என் கடமைனு எழுதி, மடிச்சு, உள்ள என்ன இருக்குனு காட்டாமயே மந்திரிங்ககிட்ட கையெழுத்து வாங்கி வச்சுகிட்டார். எதிர்த்து நிக்கப் போறவர் அனேகமா மெக்லெல்லன், 1862ல இவரே தளபதி பதவியிலேர்ந்து தூக்கின ஆளு, அவரோட சேர்ந்து வேலை செய்யத்தான் இந்த மனுசன் தயாராகறார்.

விசாரணை இல்லாம ஆளுங்கள உள்ள வச்சது, சில பத்திரிகைகள மூட வச்சதுனு லிங்கன் மேல நியாயமான புகார்களும் இருக்கு, அதையும் சொல்லித்தான் ஆகணும்.

செப்டம்பர் 2ல வடக்கு ஜெனரல் ஷெர்மனோட படை அட்லாண்டாவுக்குள்ள நுழைஞ்சதும் நிலைமை மாறிடுச்சு, நவம்பர் 8ல, மாநிலவாரியா ஜனாதிபதிய முடிவு பண்ற தேர்வாளர் ஓட்டுல 212க்கு 21ங்கற கணக்குல ஜெயிச்சார். சிப்பாய்களுக்கு மெக்லெல்லன்னா உயிர், அவர் கட்சியோ உடனே சண்டைய நிறுத்துவோம்னு சொல்லுது, அப்படியிருந்தும் தனியா எண்ணின சிப்பாய் ஓட்டுல பத்துக்கு ஏழுக்கு மேல லிங்கனுக்குத்தான் விழுந்துச்சு.